மரத்தாலான கும்பிடுபூச்சி

ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்சு' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கார் நினைவிருக்கும். இரவு நேரம், நாட்டுப்புறச் சாலை. அலெக்ஸும் அவன் கூட்டாளிகளும் தரையோடு தரையாக ஒட்டிப் பாயும் ஒரு வண்டியில் எதிரே வருபவர்களையெல்லாம் ஓரங்கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தோனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய நாவலில் அந்த வண்டிக்கு டுராங்கோ 95 என்று பெயர். பர்ஜெஸின் கார் கற்பனை. குப்ரிக்கின் கார் கற்பனையல்ல. அதன் உண்மைப் பெயர் ப்ரோப் 16. டென்னிஸ் ஆடம்ஸ், பீட்டர் ஆடம்ஸ் என்ற இரு சகோதரர்கள் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் மூன்றே மூன்று பிரதிகள் கட்டிய வண்டி அது. கதவு கிடையாது. கூரைக் கண்ணாடியை நகர்த்திவிட்டு மேலிருந்து உள்ளே இறங்க வேண்டும். எதிர்காலத்தின் வன்முறையைக் காட்ட ஒரு வாகனம் தேடிய இயக்குநருக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது.

நான் எழுத வந்தது அந்தக் காரைப் பற்றியல்ல. அதற்கு ஓராண்டு முன்பு இதே சகோதரர்கள் வேறொரு சிறு நிறுவனத்துக்காக வரைந்து கொடுத்த இன்னொரு காரைப் பற்றி. அது மூன்று பிரதிகள்கூடக் காணவில்லை. ஒன்றே ஒன்றுதான். அது கலந்துகொண்ட பந்தயமும் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பந்தயத்தையும் அது முடிக்கவில்லை. மார்கோஸ் மாண்டிஸ் எக்ஸ்பி என்பது அதன் பெயர். மாண்டிஸ் என்றால் கும்பிடுபூச்சி.

வெற்றி பெற்றவற்றின் வரலாறு எப்போதும் எழுதப்பட்டுவிடுகிறது. ஒரே ஒருநாள் ஓடி நின்றுபோன ஒன்றின் வரலாற்றை எதற்காக எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இக்கட்டுரை முடிவதற்குள் அதற்கு ஒரு பதிலாவது சொல்ல முயல்கிறேன்.

*

மார்கோஸ் என்பது இரண்டு மனிதர்களின் பெயர்களை வெட்டி ஒட்டிய பெயர். ஜெம் மார்ஷின் பெயரிலிருந்து முதல் பாதி, ஃபிராங்க் காஸ்டினின் பெயரிலிருந்து மறு பாதி. 1959இல் வேல்ஸின் வடபகுதியில் டோல்கெல்லாய் என்ற சிற்றூரில் அவர்களுடைய முதல் கார் உருவானது.

இருவரும் முற்றிலும் வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்தவர்கள். மார்ஷ் கடற்படையில் இருந்தவர். பிறகு லூட்டன் நகரில் ஸ்பீடெக்ஸ் என்ற சிறு கடையை நடத்தினார். பழைய ஆஸ்டின் 7 கார்களை வாங்கி, பிரித்து, பந்தய வண்டியாக மாற்ற விரும்பும் இளைஞர்களுக்கு உதிரிபாகங்கள் விற்கும் தொழில். காஸ்டின் ஆகாய விமானக்காரர். டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தில் காற்றியக்கவியல் பொறியாளராக இருந்தவர். காற்று ஒரு பரப்பின்மீது எப்படி வழுக்கிச் செல்கிறது என்பதை அறிந்த அந்த மனிதரை லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் கார்களின் பக்கம் இழுத்தார். லோட்டஸ் லெவனின் உடல் காஸ்டின் வரைந்தது. 1958இல் கார் தயாரிப்பாளர்களுக்கான முதல் உலகப் பட்டத்தை வென்ற வான்வால் பந்தயக் காரின் நீண்ட, கண்ணீர்த்துளி போன்ற உடலும் அவருடையதே. காஸ்வொர்த் எஞ்சின் நிறுவனத்தின் பெயரில் பாதியாக இருக்கும் மைக் காஸ்டின் இவருடைய தம்பி. அந்தக் குடும்பத்தின் பெயர் பிறர் பெயர்களோடு ஒட்டிக்கொண்டே வரலாற்றில் நிலைத்தது என்று சொல்லலாம்.

காஸ்டின் தன்னோடு கொண்டுவந்தது ஒரு விசித்திரமான நம்பிக்கை. காரின் அடிச்சட்டத்தை இரும்பால் செய்ய வேண்டியதில்லை, மரத்தால் செய்யலாம் என்பது.

இன்று கேட்டால் வேடிக்கையாகத் தோன்றும். டி ஹாவிலண்டில் வேலை பார்த்த ஒருவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்காது. இரண்டாம் உலகப் போரின் வேகமான விமானங்களுள் ஒன்றான மஸ்கிட்டோவை அந்நிறுவனம் மரத்தால்தான் கட்டியது. 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த அவ்விமானத்தின் உடல், இரண்டு மெல்லிய பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டிய ஓடு. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம். உலோகத் தொழிலாளர்கள் அனைவரும் வேறு வேலைகளில் இருந்தார்கள். சும்மா இருந்தவர்கள் மேசை நாற்காலி செய்யும் தச்சர்கள். எனவே இங்கிலாந்தின் மரச்சாமான் பட்டறைகளில் போர்விமானத்தின் பாகங்கள் உருவாயின.

மரத்துக்குப் பகை ஈரம் என்ற அச்சம் அப்போதே இருந்தது. 1944இன் இறுதியில் இந்திய-பர்மா போர்முனையில் இருந்த மஸ்கிட்டோ விமானங்கள் சில வானிலேயே சிதைந்தன. மற்றவை பறக்கவிடாமல் தரையில் நிறுத்தி வைக்கப்பட்டன. நம் பகுதியின் வெப்பமும் மழையும் பசையைக் குலைத்துவிட்டன என்பது முதலில் எழுந்த குற்றச்சாட்டு. ஆராய்ந்தபோது, பாகங்களைப் பொருத்துவதிலேயே பிழைகள் நேர்ந்திருந்தது தெரியவந்தது. பழி மரத்தின்மீது விழுந்தது. தவறில் பெரும்பங்கு கையினுடையது. இந்த அச்சத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மழை வரும்.

*

பிளைவுட்டின் இரகசியம் எளிமையானது. ஒரு மரப்பலகை தன் இழை ஓடும் திசையில் வலுவானது, குறுக்கே பலவீனமானது. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் இழை அடுத்த ஏட்டின் இழைக்குக் குறுக்காக வருமாறு அடுக்கி ஒட்டினால், எல்லாத் திசையிலும் வலுவான, எடை குறைந்த ஒரு தகடு கிடைக்கிறது. அத்தகைய தகடுகளைப் பெட்டிகளாக மூடி ஒட்டினால் அந்தப் பெட்டி முறுக்குக்கு எளிதில் வளையாது. தனியாக ஓர் எலும்புக்கூடு, அதன்மேல் தோல் என்றில்லாமல் ஓடே எலும்பாகவும் இருக்கும் இந்த அமைப்பை மோனோகாக் என்பார்கள். முட்டையும் நண்டும் இப்படித்தான் நிற்கின்றன.

காஸ்டின் படகுகளுக்குப் பயன்படும் பிளைவுட்டைக் கொண்டு 1959இல் கட்டிய முதல் காரின் பெயர் சைலான். கிரேக்க மொழியில் மரம் என்று பொருள். முன்கண்ணாடி நான்கு துண்டுகள், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், மூக்கு நீண்ட முகம். பார்க்கச் சகிக்காத அந்த வண்டிக்கு 'அசிங்கமான வாத்துக்குஞ்சு' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அது எடை குறைந்தது. சிறிய ஃபோர்டு எஞ்சினை வைத்துக்கொண்டு தன்னைவிடப் பெரியவற்றைப் பந்தயங்களில் முந்தியது. பிற்காலத்தில் மூன்றுமுறை உலகச் சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் தன் தொடக்க காலத்தில் ஓட்டிய கார்களில் மார்கோஸும் ஒன்று.

காஸ்டின் விரைவிலேயே விலகிப் போய்விட்டார். அவர் எங்கும் நெடுநாள் தங்கியவரல்லர். மரத்தின்மீதான பற்றை மட்டும் கைவிடவில்லை. பின்னாளில் அவர் பிறருக்காகக் கட்டிய காஸ்டின்-நேத்தன், ப்ரோட்டோஸ் பந்தய வண்டிகளும் மரத்தாலானவையே. அவர் விட்ட இடத்தில் ஆடம்ஸ் சகோதரர்கள் வந்து சேர்ந்தார்கள். டென்னிஸ் ஆடம்ஸ் வரைந்து 1964இல் வெளிவந்த மார்கோஸ் 1800 அந்த வாத்துக்குஞ்சு அன்னமான தருணம். வால்வோ எஞ்சின், கண்ணாடியிழை உடல், உள்ளே மர அடிச்சட்டம். அந்த அடிச்சட்டத்தை 386 பிளைவுட் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்தார்கள். அதன் இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. மாறாக, ஓட்டுபவரின் கால் நீளத்துக்கேற்ப மிதிகட்டைகளை நகர்த்தலாம். மார்ஷ் ஆறடி நான்கங்குல உயரமானவர். தான் உட்கார முடியாத காரை அவர் விற்க விரும்பவில்லை போலும்.

இந்த இடத்தில் பொருளாதாரத்தைச் சற்றுத் தொட்டுச் செல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் எஃகுத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்திக் கார் செய்கின்றன. அந்த அச்சுகளுக்கே பெருந்தொகை செலவாகும். பல்லாயிரம் கார்கள் விற்றால்தான் அது மீளும். மரத்துக்கு அச்சு தேவையில்லை. வாளும் பசையும் பொறுமையுமுள்ள சிலர் போதும். முதலீட்டுக்குப் பதிலாக உழைப்பு. இன்னொரு சலுகையும் இருந்தது. அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு. பாகங்களாகப் பிரித்து விற்றால் அந்த வரி கிடையாது. எனவே சிறு நிறுவனங்கள் காரைப் பெட்டிகளில் போட்டு விற்றன, வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். 1973 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி வந்து இந்த இடுக்கை அடைக்கும்வரை லோட்டஸ், மார்கோஸ், ஜினெட்டா, கில்பர்ன் போன்ற பல பெயர்கள் அதன் வழியாகவே மூச்சுவிட்டன. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

*

1966இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஒரு சிறு அதிசயம் நிகழ்ந்தது. மினி காரின் எஞ்சினை வைத்து மார்கோஸ் செய்த மினி மார்கோஸ் என்ற குட்டி வண்டியை இரண்டு பிரெஞ்சு ஓட்டுநர்கள் ஓட்டி 15ஆவதாக வந்தார்கள். ஃபோர்டும் ஃபெராரியும் கோடிகளைக் கொட்டி மோதிய அந்த ஆண்டில், பந்தயத்தை முடித்த ஒரே பிரிட்டிஷ் கார் அது. அடுத்த ஆண்டு மார்ஷ் தானே கிறிஸ் லாரன்ஸுடன் சேர்ந்து மினி மார்கோஸை லெ மானுக்கு ஓட்டிச் சென்றார். முடிக்க முடியவில்லை. ஆனால் ஆசை பிடித்துக்கொண்டது.

அந்த ஆசைக்கு விதியும் வழி திறந்தது. 1967இல் ஃபோர்டின் 7 லிட்டர் எஞ்சின் வண்டி லெ மானை வென்றபின், வேகம் கட்டுமீறுகிறது என்று கருதிய சர்வதேச அமைப்பு, 1968 முதல் முன்மாதிரிப் பந்தய வண்டிகளின் எஞ்சின் 3 லிட்டரைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. அப்போது ஃபார்முலா 1 பந்தயங்களிலும் 3 லிட்டர்தான் அளவு. ஆக, ஒரு ஃபார்முலா 1 எஞ்சினை வாங்கி, தகுந்த உடலில் பொருத்தினால், வில்ட்ஷயரின் ஒரு பட்டறையும் போர்ஷேவோடு ஒரே கோட்டில் நிற்கலாம். குறைந்தபட்சம் தாளில்.

மார்ஷ் பெற்றது ரெப்கோ-பிரபாம் வி8 எஞ்சின். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உருவான அது, 1966இல் ஜாக் பிரபாமுக்கும் 1967இல் டென்னி ஹல்முக்கும் உலகப் பட்டத்தைத் தந்த வம்சம். அதன் பிறப்பும் சுவையானது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபீல், பியூக் கார்களுக்காகச் செய்து, பிறகு வேண்டாமென்று கைவிட்ட அலுமினிய வி8 எஞ்சினின் உடற்கட்டிலிருந்துதான் முதல் ரெப்கோ எஞ்சின் பிறந்தது. அமெரிக்கா கழித்துப்போட்டது ஆஸ்திரேலியா வழியாக உலகச் சாம்பியனாயிற்று.

அதைத் தாங்க மீண்டும் பிளைவுட் மோனோகாக். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னே. மேலே ஆடம்ஸ் சகோதரர்கள் வரைந்த உடல். அக்காலத்துப் பந்தய வண்டிகள் ஃபெராரி பி4 போல வளைவும் நெளிவுமாக இருந்தபோது, மாண்டிஸ் எக்ஸ்பி தாளை மடித்துச் செய்த பொம்மையைப் போல நேர்கோடுகளும் முக்கோணங்களுமாக இருந்தது. கூரிய மூக்கு, சாய்ந்த பெரிய கண்ணாடிப் பரப்புகள், வெட்டி நிறுத்திய பின்புறம். பெயர் வைத்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். எழுபதுகளில் ஆப்பு வடிவக் கார்கள் எங்கும் வந்தன. இது அவற்றுக்கு முன்னால் வந்து நின்றது.

*

1968 மே 26. பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம். 1000 கிலோமீட்டர் பந்தயம். அன்றைய ஸ்பா இன்றைய ஸ்பா அன்று. காடுகளுக்கும் கிராமங்களுக்கும் நடுவே பொதுச்சாலைகளில் 14 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட சுற்று. வீடுகளின் சுவர்களும் தந்திக்கம்பங்களும்தான் ஓரத்தடுப்பு. மாண்டிஸ் எக்ஸ்பியை ஓட்ட மார்ஷும் எடி நெல்சனும் வந்திருந்தார்கள்.

மழை கொட்டியது. அந்தப் பந்தயம் நினைக்கப்படுவதே மழைக்காகத்தான். பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ், முதல் சுற்று முடிந்தபோது பின்னால் வந்தவர்களை அரை நிமிடத்துக்கும் மேலாகப் பிரிந்து தனியாக வந்தார். மற்றவர்கள் எங்கோ விபத்தில் சிக்கிவிட்டார்களோ என்று பார்வையாளர்கள் ஐயுற்றிருப்பார்கள். அவரும் பிரையன் ரெட்மனும் ஓட்டிய ஃபோர்டு ஜிடி40 வென்றது.

கும்பிடுபூச்சியின் கதை குறுகியது. தண்ணீர் மின்சுற்றில் புகுந்தது. வண்டி நின்றது. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரக் கார் மழையில் என்னாகும் என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். மழை வந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்றது செம்புக் கம்பி. இது மார்கோஸின் வறுமையால் நேர்ந்ததென்றும் சொல்ல முடியாது. ஃபோர்டின் ஆதரவோடு அலன் மான் குழு கொண்டுவந்த புத்தம்புதிய பி68 வண்டி தகுதிச்சுற்றில் எல்லோரையும் விட வேகமாக ஓடி முதலிடத்தில் நின்றது. அதுவும் அதே மழையில், அதே ஈரம் புகுந்து, தொடக்கத்திலேயே நின்றுபோனது. பணமிருந்தவரையும் இல்லாதவரையும் அந்த மழை ஒன்றாகவே நனைத்தது. ஆனால் பணமிருந்தவர் அடுத்த வாரம் மீண்டும் வரலாம்.

மார்ஷ் எதிர்பார்த்த அடுத்த வாய்ப்பு லெ மான். ஜூன் நடுவில் நடக்க வேண்டிய பந்தயம். ஆனால் அது 1968இன் பிரான்ஸ். மாணவர்கள் பாரிசின் தெருக்களில் கல் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலைகள் வேலைநிறுத்தத்தில் முடங்கின. ஸ்பா பந்தயத்துக்கு மூன்று நாட்களுக்குப் பின் அதிபர் தெ கோல் யாரிடமும் சொல்லாமல் ஜெர்மனிக்குப் பறந்து சென்று திரும்பினார். லெ மான் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அதற்குள் வேறொன்று வந்தது. அந்த ஒற்றைக் காருக்கு விற்பனை வரி கட்ட வேண்டும் என்று அரசிடமிருந்து கேட்பு வந்தது. ஒரு சிறு நிறுவனத்தால் தாங்க முடியாத தொகை. பாகங்களாகப் பிரித்து விற்றதால் எந்த வரியிலிருந்து தப்பி வாழ்ந்தார்களோ, அதே வரி, அவர்கள் முழுமையாகக் கட்டிய மிகச்சிறந்த வண்டியைத் தேடி வந்தது. ஏற்றுமதியாகும் பொருளுக்கு அவ்வரி இல்லை. மார்ஷ் காரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். விலைமதிப்புள்ள ரெப்கோ எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு பியூக் வி8 பொருத்தப்பட்டது. ஆம், ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்ட அதே குடும்பம். உலகச் சாம்பியனின் இடத்தில் அதன் ஏழைப் பங்காளி வந்து உட்கார்ந்தான். லெ மானுக்காகப் பிறந்த வண்டி லெ மானைப் பார்க்காமலே அட்லாண்டிக்கைத் தாண்டியது.

*

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 386 துண்டுகளை ஒட்டும் கூலி கட்டுபடியாகாமல் 1969இல் மார்கோஸ் மரத்தைக் கைவிட்டு இரும்புச் சட்டத்துக்கு மாறியது. 1970இல் மாண்டிஸ் என்ற பெயரில் நான்குபேர் அமரும் ஒரு சாலைக் கார் வந்தது. 32 வண்டிகளோடு அது நின்றது. அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்கள் அங்கே சுங்கத்தில் சிக்கின. 1971இல் நிறுவனம் கவிழ்ந்தது. மார்ஷ் ஓயவில்லை. எண்பதுகளில் மீண்டும் கார் செய்தார். அவற்றுள் மாண்டுலாவில் இருந்த ரோவர் வி8 எஞ்சின், ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டு ரோவர் வாங்கிய அந்தப் பழைய வடிவமைப்பேதான். நிறுவனம் 2000இல் மீண்டும் விழுந்தது, 2002இல் பிறர் கையில் எழுந்தது, 2007இல் முடிந்தது. காஸ்டின் 1995இல் மறைந்தார். மார்ஷ் 2015இல். அந்த ஒற்றைக் கும்பிடுபூச்சி அமெரிக்காவில் பிழைத்துக் கிடந்தது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். 1981இல் மெக்லாரன் நிறுவனம் கரிம இழையால் செய்த ஃபார்முலா 1 வண்டியைக் கொண்டுவந்தது. இழைகளைத் திசைமாற்றி அடுக்கி, பசையால் இறுக்கி, ஓட்டையே எலும்பாக்கும் முறை. கொள்கையளவில் அது பிளைவுட்டின் உறவு. ஆனால் மார்கோஸ்தான் அதற்கு முன்னோடி என்று கோடு இழுக்க நான் விரும்பவில்லை. அப்படிப்பட்ட சான்று ஏதுமில்லை. தோற்றவர்களுக்குப் பரிவு காட்டும் அவசரத்தில் அவர்களை வென்றவர்களின் தாத்தாவாக்கிவிடுவது வரலாற்றெழுத்தின் ஒரு கெட்ட பழக்கம்.

எனக்குத் தோன்றுவது வேறு. மாண்டிஸ் எக்ஸ்பியின் தோல்விக்கான காரணங்களை அடுக்கிப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட அதன் மையச் சிந்தனையைப் பற்றியதல்ல. மரம் தாங்கியது. எஞ்சின் ஏற்கெனவே சாம்பியன். மழை, ஒரு கம்பி, பாரிசின் மாணவர்கள், ஒரு வரிக் காகிதம் ஆகியவை சேர்ந்துதான் அதை முடித்தன. பின்னால் வந்தவர்கள் 'மரத்தால் கார் செய்து பார்த்தார்கள், சரிப்படவில்லை' என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். சொல்கிறார்கள். அந்த ஒரு வரி பொய் என்பதை அறிவதற்கு அந்த ஒருநாளை விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பர்மாவில் விழுந்த மஸ்கிட்டோவின் பழியை ஈரத்தின்மீது போட்டவர்களும் இப்படித்தான் ஒரு வரியில் முடிக்கப் பார்த்தார்கள். யாரோ போய், பிரித்து, ஒட்டியிருந்த இடங்களைப் பார்த்தபிறகுதான் உண்மை தெரிந்தது.